கட்டடம் அப்படியே இருக்கிறது, கடை எங்கே? ஜார்ஜ்டவுன் பழைய கடைகள் மறைந்த விதம்: ஓர் எளிய விளக்கம்

தீபாவளி நெருங்கினால் போதும், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்துக் கடைத்தெருவின் பழைய படங்கள் வாட்ஸ்அப்பில் வலம் வரத் தொடங்கிவிடும். லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குயின் என்று ஒவ்வொரு தெருவாகப் படம் வரும் (லெபோ என்றால் தெரு). அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், பூ கட்டுகிறவர், கோணி மூட்டை அடுக்கிய மளிகைக்கடை, மரப் பலகைக் கதவு போட்ட பத்தர் கடை. படத்துக்குக் கீழே இரண்டு வகைப் பேச்சு நடக்கும். "யுனெஸ்கோ வந்துச்சு, கடையெல்லாம் போச்சு" என்பது ஒன்று. "யுனெஸ்கோ இருந்தும் ஏன் கடைகளைக் காப்பாத்தல?" என்பது இன்னொன்று.

இரண்டுமே ஆதங்கத்தில் வரும் பேச்சு. அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2008 ஜூலை 7 அன்று. கடைகளைப் புரட்டிப் போட்ட நாள் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது: 2000 ஜனவரி 1. அந்த நாளில் என்ன மாறியது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

## ஒரே வாசல், இரண்டு சொந்தக்காரர்கள்

மசாலா அரைக்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் காய்ந்த மிளகாய், மல்லி, சோம்பு, மஞ்சள். உள்ளே பெல்ட் போட்டு ஓடும் மாவு மில். உத்திரம், சுவர், கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் மெல்லிய செம்மஞ்சள் படலம். உள்ளே போனதும் முதலில் தும்மல் வரும், அப்புறம்தான் கடைக்காரர் முகம் தெரியும். எந்த வீட்டில் மீன் குழம்புக்கு மிளகு தூக்கலாகப் போட வேண்டும், எந்த வீட்டில் கசகசா சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதக் கடைசியில் காசு இல்லையென்றால் 555 நோட்டில், அதாவது சின்னக் கடன் நோட்டில், எழுதிக்கொள்வார்.

நம் கண்ணுக்கு இது ஒரே கடை. சட்டத்தின் கண்ணுக்கு இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். தொழிலுக்குச் சொந்தக்காரர் ஒருவர்: மில், சரக்கு, வாடிக்கை, கைப்பக்குவம் எல்லாம் அவருடையவை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர்: தரை, சுவர், கூரை, மாடி எல்லாம் அவருடையவை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில், அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய வீடுகளில், தொழில் நடத்தியவர்களில் மிகப் பலர் வாடகைக்கு இருந்தவர்கள். கட்டடம் தனியாருடையதாக இருக்கும், அல்லது சீனர்களின் குலச் சங்கமான கொங்சியுடையதாக, கோயிலுடையதாக, வக்ஃபுடையதாக இருக்கும். வக்ஃப் என்பது முஸ்லிம்கள் அறக்காரியத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைத்த சொத்து.

நாம் ஏங்குவது முதல் ஆளை நினைத்து. தெருவின் தலையெழுத்து இரண்டாம் ஆளின் கையில் இருந்தது.

## வாடகைக் கட்டுப்பாடு என்றால் என்ன?

ஜப்பான்காரன் காலத்துப் போர் முடிந்தபோது மலாயா நகரங்களில் வீட்டுப் பஞ்சம். உரிமையாளர்கள் கண்டபடி வாடகையை ஏற்றிவிடாமல் இருக்க அரசாங்கம் சட்டம் போட்டது. அந்த வழியில் வந்ததுதான் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அது பொருந்தும். இரண்டு விஷயம்தான் அதன் உயிர்நாடி. உரிமையாளர் இஷ்டத்துக்கு வாடகையை உயர்த்த முடியாது. இஷ்டத்துக்குக் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது.

மலேசியாவிலேயே இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடங்கள் அதிகம் இருந்தது பினாங்கில்தான். நகரின் நடுப்பகுதி முழுக்கப் போருக்கு முந்திய கடைவீடுகள், ஆகவே நடு நகரத்தின் பெரும்பகுதி கட்டுப்பாட்டுக்குள். வெளியில் சந்தை வாடகை ஏறிக்கொண்டே போக, உள்ளே பழைய வாடகையே நீடித்தது. தகப்பன் நடத்திய கடையை மகனும், மகனுக்குப் பிறகு பேரனும் அதே முகவரியில் நடத்த முடிந்ததற்கு அதுதான் காரணம். பாயும் பிரம்பு நாற்காலியும் பின்னுகிறவர், சொங்கோக் தொப்பி தைப்பவர், ஊதுவத்தி உருட்டுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், ரொட்டி பெங்காலி சுடுகிறவர் எல்லாரும் நகர மத்தியில் கடை வைத்துப் பிழைக்க முடிந்தது அந்த வாடகையால்தான்.

அந்தச் சட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வரும் வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூடக் காசு போதாத உரிமையாளர்கள் இருந்தார்கள். எல்லா உரிமையாளரும் பெரிய தவுக்கே, அதாவது பெருமுதலாளி, இல்லை. அந்த வாடகையை நம்பியே இருந்த விதவைகளும் உண்டு. அதே நேரம் தலைமை வாடகைதாரர் என்று ஒருவர் இருப்பார். உரிமையாளரிடம் முழு வீட்டையும் குறைந்த வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்து மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுபவர் அவர். கடை கைமாறும்போது புதிதாக வருபவர் ஒரு மொத்தத் தொகை கொடுத்தாக வேண்டும்; அதற்குப் பேச்சு வழக்கில் 'டீ மணி' என்று பெயர். சட்டம் பாதுகாத்த ஆதாயம் எப்போதும் ஏழைக்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு விளைவைச் சட்டம் போட்டவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். குடியிருப்பவரை வெளியேற்ற முடியாததால் உரிமையாளரால் கட்டடத்தை இடித்து மாடி எழுப்பவும் எளிதில் முடியவில்லை. மற்ற நகரங்கள் 1970-களிலும் 1980-களிலும் பழையதை இடித்துத் தள்ளியபோது, ஜார்ஜ்டவுனில் தெருத் தெருவாகக் கடைவீடுகள் தப்பின. பின்னாளில் யுனெஸ்கோ வந்து பார்த்துப் பாராட்டிய அந்த நகரத்தைப் பாதி காப்பாற்றியது இந்த வாடகைச் சட்டம் என்பதே என் கணிப்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடைக்காரர் வேறு, கட்டடக்காரர் வேறு. இருவருக்கும் நடுவில் ஒரு சட்டம் நின்றது. அது வாடகையைக் கட்டிப்போட்டது, அதோடு சேர்த்துக் கடைகளையும் கட்டடங்களையும் இருந்த இடத்திலேயே வைத்திருந்தது.

## 2000 ஜனவரி 1

அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 1997 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. 1999 டிசம்பர் 31 வரை இடைக்காலம் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து வாடகை என்பது உரிமையாளரும் குடியிருப்பவரும் பேசி முடிவு செய்வது. பேச்சு ஒத்துவரவில்லை என்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கடைக்காரர் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. நம் மசாலா கடைக்கு, வாடகை கொடுப்பதற்கு முன் எல்லாச் செலவும் போக மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 200 வெள்ளி என்றால் 3,800 வெள்ளி குடும்பத்துக்கு. சிக்கனமாக வாழலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். வாடகை 2,500 வெள்ளி ஆகிறது. இப்போது கையில் 1,500. சரி, மிளகாய்த்தூள் விலையை ஏற்றலாமே என்றால், ஏற்றிய மறுவாரமே வாடிக்கையாளர் பேரங்காடியில் பொட்டலத்தூள் வாங்கப் போய்விடுவார். கடையில் கூட்டம் குறையவில்லை, சரக்கும் கெடவில்லை, கடைக்காரரும் சோம்பேறி ஆகவில்லை. ஆனாலும் கடை நிற்காது.

"நல்லா ஓடின கடையாச்சே, ஏன் மூடினார்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில். நன்றாக ஓடுவது வேறு, அந்த இடத்து வாடகையைத் தாங்குவது வேறு.

அந்தச் சமயத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் உடனே புதிய ஆள் வந்துவிடவும் இல்லை. 1997-98 பொருளாதார நெருக்கடி வேறு. பழைய குடிகள் போனார்கள், புதியவர்கள் வரவில்லை, பல கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றின் மாடியை அடைத்து, சமையலுக்கு விற்கும் கூடு எடுப்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். தெருவிலிருந்து முதலில் மறைந்தது கடை மட்டும் இல்லை. மாடியில் குடியிருந்த, காலையில் கீழே இறங்கிப் பசியாறப் போகும் குடும்பங்களும்தான்.

## வாடகை இடைவெளி

இங்கேதான் உண்மையான இயக்கம் இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து இப்போது வரும் வாடகை ஒன்று. அதே இடத்தை அதிக வருமானம் தரும் வேலைக்கு விட்டால் வரக்கூடிய வாடகை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வாடகை இடைவெளி. 1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். இடைவெளி சிறிதாக இருக்கும்வரை உரிமையாளர் பேசாமல் இருப்பார். பெரிதானால், அவரோ அவரிடமிருந்து வாங்குபவரோ அதை நிரப்பப் பார்ப்பார்கள். எளிய மக்கள் புழங்கிய வட்டாரம் வசதி படைத்தவர்களுக்கான வட்டாரமாக மாறுவதை ஜென்ட்ரிபிகேஷன் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் ஓடும் விசை இதுதான்.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? வாடகை வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை நட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். கன்று வாங்கி வைத்து, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தது நீங்கள். பத்து வருடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கேட்டு வாங்கிப் போகும் அளவுக்கு மரமாகிவிடுகிறது. வீட்டைக் காலி செய்யும்போது மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? அது மண்ணோடு மண்ணின் சொந்தக்காரருக்குப் போகிறது. அதைவிட ஒரு படி மேலே, "கொல்லையில் மரம் உள்ள வீடு" என்று அடுத்த ஆளிடம் அவர் கூட வாடகை கேட்கலாம்.

கடைத்தெருவின் வாசனை, சத்தம், பெயர், கூட்டம் எல்லாம் அப்படி வளர்ந்தவை. பூக்காரரும் பத்தரும் மசாலா கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாக உழைத்து அந்தத் தெருவை வெளியூர்க்காரர் தேடி வரும் இடமாக்கினார்கள். அந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை கடைக்காரரின் 555 நோட்டில் ஏறுவதில்லை, கட்டடத்தின் வாடகையில் ஏறுகிறது. தெருவை நல்ல தெருவாக்கியவரே ஒரு கட்டத்தில் அந்தத் தெருவில் இருக்க வகையில்லாமல் போகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் இதில் தனியாக ஒரு வில்லன் தேவைப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல மனசுள்ள உரிமையாளர் இருந்தாலும், அவர் இறந்து சொத்து ஏழெட்டு வாரிசுகளுக்குப் பிரியும்போது, பிரித்துக்கொள்ள எளிய வழி விற்பதுதான். அதிக விலை கொடுத்து வாங்கியவர் அந்த விலைக்கு ஏற்ற வாடகையைத்தான் எதிர்பார்ப்பார்.

2008-க்குப் பிறகு இந்த இடைவெளி இன்னும் அகன்றது. பட்டியலில் சேர்ந்ததும் சுற்றுப்பயணிகள் கூடினார்கள். 2012-இல் லெபோ ஆர்மேனியன் சுவரில் சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் ஓவியம் வந்ததும், அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க வரிசை நின்றது. உணவகங்கள், சிறு தங்கும் விடுதிகள், நினைவுப்பொருள் கடைகள் வந்தன. சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் கடைவீடுகளை வாங்கினார்கள். ஆகவே யுனெஸ்கோவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தது 2000. திறந்த கதவு வழியாகக் கூட்டம் நுழைந்தது 2008-க்குப் பிறகு.

## பாரம்பரியத் தகுதி எதைக் காக்கிறது?

உலகப் பாரம்பரியத் தளமாக இருப்பது ஜார்ஜ்டவுன் முழுவதும் இல்லை. 109.38 ஹெக்டர் பரப்புள்ள மைய வட்டாரமும், அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம்போல் 150.04 ஹெக்டர் இடைக்காப்பு வட்டாரமும் சேர்ந்ததுதான் அது. நாம் பேசும் இந்தியக் கடைத்தெரு வட்டாரமான லிட்டில் இந்தியா மைய வட்டாரத்துக்குள் வருகிறது. அங்கே என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்பதைச் சிறப்புப் பகுதித் திட்டம் சொல்கிறது. 2016-இல் அது அரசிதழில் வந்தது. முகப்பை மாற்றக் கூடாது, ஓட்டுக் கூரையை எப்படிப் பழுது பார்க்க வேண்டும், புதிய கட்டடம் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெயர்ப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட விதிகள்.

இவற்றில் வாடகை பற்றி ஒரு விதிகூட இல்லை. யார் குடியிருக்க வேண்டும் என்பது பற்றியும் இல்லை. இடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மசாலா கடை போய் அதே முகப்போடு ஒரு காப்பிக் கடை வந்தால், கட்டட விதியின் பார்வையில் எதுவும் கெடவில்லை. கலாசாரத்தையும் பழைய தொழில்களையும் காக்க வேண்டும் என்று ஆவணங்களில் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் இடம் கிடைத்ததற்கு இங்கே பல இனத்தாரின் மரபு உயிரோடு இருப்பதும் ஒரு காரணம். ஆனால் முகப்பை இடித்தால் நடவடிக்கை எடுக்க முடியும், வாடகையை ஏற்றினால் எந்த நடவடிக்கையும் இல்லை.

ஆக, "யுனெஸ்கோ இருந்தும் ஏன் காப்பாத்தல?" என்ற கேள்விக்கு நேரான பதில்: அதன் பிடி சுவரில் இருந்தது, வாடகை ஒப்பந்தத்தில் இல்லை.

## வாங்க வந்தவர்கள் எங்கே?

வாடகையை மட்டும் குறை சொன்னாலும் கதை முழுமையாகாது. பினாங்கின் சுங்கவரி இல்லாத துறைமுகத் தகுதி 1969-இல் போனது. மொத்த வியாபாரம் செய்த கடைகளுக்கு அது பெரிய அடி. அப்புறம் 1985. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையே இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கிக் கப்பல் ஏறிய காலமும் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்தது. அதுவரை தீவுக்கு வந்தவர்கள் பெரி படகில் இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் கடைத்தெரு. பாலத்தில் காரில் வருபவர் நேராக பாயான் லெப்பாஸ், குளுகோர் பக்கம் போய்விட முடிந்தது. குடும்பங்களும் அந்தப் பக்கமே நகர்ந்தன, பேரங்காடிகளும் அங்கேயே முளைத்தன.

பிள்ளைகள் கடையை ஏற்கவில்லை என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. உண்மைதான், ஆனால் அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. காலை ஐந்து மணிக்கு மில்லைத் திறந்து மிளகாய் நெடியில் நின்ற ஒரு தகப்பன், மகளை டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்டுக் கடையை மூடினால், அந்தக் கடை தோற்கவில்லை. எதற்காக நடந்ததோ அதை முடித்துவிட்டது. தானாக மூடிய கடையையும், துரத்தப்பட்டு மூடிய கடையையும் நாம் ஒரே கண்ணீரில் சேர்த்துவிடுகிறோம். பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டாவதை மட்டும்தான் தடுக்க முடியும்.

மறுபடி சுருக்கமாக: வாடகைக் கட்டுப்பாடு போனது, வாடகை இடைவெளி திறந்தது, பாரம்பரியத் தகுதியால் அது மேலும் அகன்றது. அந்தத் தகுதி காத்தது கட்டடத்தை. இன்னொரு பக்கம் வாங்குபவர்கள் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

## எந்தக் கடை நிற்கிறது?

இந்த அறிவை வைத்துக்கொண்டு இன்றைக்கு லிட்டில் இந்தியாவில் நடந்து பாருங்கள். நிற்கும் கடைகளில் ஒரு பொதுத்தன்மை தெரியும். ஒன்று, கட்டடமும் கடைக்காரருடையதாக இருக்கும். அல்லது உரிமையாளர் ஒரு கோயிலாகவோ அறக்கட்டளையாகவோ வக்ஃபாகவோ இருந்து, வாடகையை உச்சத்துக்குக் கொண்டுபோகாமல் இருக்கும். அல்லது புடவை, நகைபோல அந்த வாடகையைத் தாங்கும் தொழிலாக இருக்கும்.

லெபோ பினாங்கில் இருக்கும் நகரத்தாரின் கோவில் வீட்டைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இன்றும் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறது. சுற்றியிருந்த கிட்டங்கிகளின் வட்டித் தொழில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனால் இடம் அவர்களுடையது என்பதால் வழக்கம் இடம் மாறவில்லை. லெபோ குயினில் 1833-இல் அமைந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டும் தொழில் உயிரோடு இருப்பதற்கும் கோயில் அங்கேயே இருப்பதுதான் காரணம். மாலை வாங்க வருபவரைப் பேரங்காடி இழுத்துக்கொள்ள முடியாது.

வாடகைக்கு இருப்பவரின் நிலை வேறு. தீபகற்ப மலேசியாவில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்றாண்டு வரை அது தேவையில்லை. அதனால் பெரும்பாலான கடை வாடகை ஒப்பந்தங்கள் மூன்றாண்டுக்குள்ளேயே முடிகின்றன. ஐம்பது ஆண்டு பெயர் உள்ள கடையாக இருந்தாலும், அதன் உயிர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது.

வேறு ஊர்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. பார்சலோனாவில் பழைய கடைகளுக்கு இருந்த உறைந்த வாடகை 2014 முடிவோடு தீர்ந்தது. அங்கேயும் நூற்றாண்டுக் கடைகள் அடுத்தடுத்து மூடின. சான் பிரான்சிஸ்கோ 2015-இல் பழம்பெரும் கடைகளுக்கென ஒரு பதிவேடு தொடங்கியது. அத்தகைய கடைக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு நகரம் மானியம் கொடுத்தது. கவனியுங்கள், அந்தத் திட்டம் கை வைத்தது ஒப்பந்தத்தின் நீளத்தில். இங்கேயும் கூரை மாற்ற உரிமையாளருக்குப் பொதுப்பணம் போகும்போதெல்லாம், இருக்கும் வாடகைதாரரை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். முகப்புக்கு விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. தனியார் உரிமையாளரிடம் நமக்குப் பேச்சில்லை. ஆனால் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் கடைவீடுகள் இருக்கின்றன, அவற்றில் நாம் உறுப்பினர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது வாடகை வருமானம் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் எழுந்து கேளுங்கள்: கீழ்க்கடையில் இருப்பவர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்ததை ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ எழுத முடியுமா? அப்படி எழுதினால் பதிவுச் செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவுக்குச் சம்மதம் என்று கை தூக்க நாலு பேர் இருந்தால் போதும்.